ஜூனோவைக் கொடுத்துவிடலாமா?

நண்பர் ஒருவர் தன்னுடைய ப்ராஃபெட் 6 சிந்தசைசரை, அதாவது மின்சுற்றுகளால் ஒலியை உருவாக்கும் கீபோர்டை, விற்கப் போவதாகச் சொன்னார். "வெளியில் சொல்வதற்கு முன்னால் உங்களிடம் கேட்கிறேன். ஒரு மாதம் வீட்டில் வைத்து வாசித்துப் பாருங்கள். பிடித்திருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்" என்றார். என்னிடம் அவ்வளவு பணம் கையில் இல்லை. எடுப்பதென்றால் ஒரே வழிதான். பதினொரு வருடமாக என்னோடு இருக்கும் ஜூனோ 106 என்ற பழைய சிந்தசைசரை விற்க வேண்டும், அதற்கு மேலும் கொஞ்சம் போட வேண்டும்.

அன்று ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை. ப்ராஃபெட் வேண்டுமா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஜூனோவை விடுவதுதான் நெஞ்சில் கனத்தது.

ஜூனோ 106, ரோலண்ட் 1984-இல் கொண்டுவந்த கருவி. சிந்தசைசர் என்றால் என்ன என்பதை நான் கற்றுக்கொண்டதே அதில்தான். முதலில் ஒலியை மெல்ல அசைக்கும் எல்எஃப்ஓ, அடுத்து ஒலியைப் பிறப்பிக்கும் ஆசிலேட்டர், தாழ்ந்த ஒலிகளை வடிகட்டும் ஹைபாஸ் ஃபில்டர், உயர்ந்த ஒலிகளை வடிகட்டும் லோபாஸ் ஃபில்டர், ஒலி அளவு, ஒலி எழுந்து அடங்கும் விதத்தை வகுக்கும் என்வலப், கடைசியில் கோரஸ். ஒலி பிறந்து, செதுக்கப்பட்டு, வெளியே வரும் வழியை ஏறக்குறைய அப்படியே வரிசையாக மேல் தகட்டில் வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்லைடர் அல்லது ஒரு பொத்தான். மெனு கிடையாது, உள்ளே புகுந்து தேட வேண்டிய எதுவும் கிடையாது. புத்தகம் படித்துப் புரியாத என்வலப், அந்த நான்கு ஸ்லைடர்களை ஒரு மத்தியான நேரம் மேலும் கீழும் நகர்த்தியதில் புரிந்தது. இன்றைக்கு எந்தக் கருவியை என் முன்னால் வைத்தாலும் மனதுக்குள் அந்த வரிசையில்தான் அதைப் படிக்கிறேன்.

அப்புறம் அந்த கோரஸ். ஒரு வாய்ஸுக்கு, அதாவது ஒரு ஸ்வரத்தை ஒலிக்கும் தனிப் பகுதிக்கு, ஒரே ஒரு ஆசிலேட்டர் உள்ள கருவி அது. ரம்ப அலையும் பல்ஸ் அலையும் கூடவே ஒரு ஆக்டேவ் கீழே சப் ஆசிலேட்டரும் சேர்ந்து ஒலிக்கலாம், ஆனாலும் அடிப்படை ஒன்றுதான். கோரஸ் பொத்தானை அழுத்தியதும் அந்த ஒற்றை ஒலி இரண்டு பக்கமும் விரிந்து அறை முழுக்க நிற்கும். கூடவே ஒரு 'உஸ்' சத்தமும் வரும். அந்த 'உஸ்'ஸை நான் ஒரு நாளும் வெறுத்ததில்லை. பாட்டு முடிந்தபிறகும் அது கேட்டுக்கொண்டிருக்கும்; கருவி இன்னும் விழித்திருக்கிறது என்று தோன்றும்.

ஆனால் கடந்த இரண்டு வருடமாக என் ஜூனோவுக்கு உடம்பு சரியில்லை. ஆறு வாய்ஸ்களில் ஒன்று போய்க்கொண்டிருந்தது. முதலில் எப்போதாவது ஒரு கரகரப்பு. பிறகு ஒரு ஸ்வரம் திடீரென்று மங்கி, மூக்கடைத்த மாதிரி ஒலிக்கும். எந்தக் கட்டையில் பழுது என்று தேடினால் கிடைக்காது. ஏனென்றால் பழுது கட்டையில் இல்லை. வழக்கமாக வாசிக்கும் முறையில் ஆறு வாய்ஸ்களும் முறை வைத்துச் சுற்றி வரும். ஆகவே ஒவ்வொரு ஆறாவது அழுத்தலிலும், அது எந்தக் கட்டையாக இருந்தாலும், அந்த நோயாளி வாய்ஸ் வந்து மாட்டும்.

ஜூனோ 106 வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும். ஃபில்டரும் ஒலி அளவைக் கட்டுப்படுத்தும் பகுதியும் சேர்ந்து 80017ஏ என்ற ஒரு சிப்புக்குள் இருக்கின்றன. வாய்ஸுக்கு ஒன்றாக ஆறு சிப்புகள். அவற்றின் மேல் ஒரு பிசின் பூச்சு உண்டு. காப்பதற்காகப் பூசிய அந்தப் பூச்சே காலம் போகப் போகக் கெட்டு, மின்சாரம் கசியக் காரணமாகிவிடுகிறது. ஒன்று போனால் மற்றவையும் அதே வயதுதான், பின்னால் வரும். இது தெரிந்ததிலிருந்து நான் ஜூனோவைக் குறைவாகவே போட ஆரம்பித்தேன். ஒரு மணி நேரம் வாசித்தால் போதும், அணைத்துவிடுவேன். வாசிக்க வாங்கிய கருவியைப் பாதுகாக்கிறேன் என்று மூடி வைத்திருந்தேன். விற்கலாமா என்ற கேள்வி நண்பர் பேசுவதற்கு முன்பே உள்ளுக்குள் எங்கோ தொடங்கியிருக்க வேண்டும்.

சரி, ப்ராஃபெட் வந்தது. ஜூனோவைப் பெட்டியில் வைத்து ஓரமாகச் சாய்த்துவிட்டு, அதே ஸ்டாண்டில் இதை ஏற்றினேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பழைய சிந்தசைசர் என்றதும் எல்லோரும் சொல்வது, அதன் சுருதி லேசாக அலையும், அந்த அலைச்சல்தான் உயிர் என்று. என் விஷயத்தில் இது தலைகீழ். ஜூனோவின் ஆசிலேட்டர்களுக்குச் சுருதியைப் பிடித்துக் கொடுப்பது ஒரு டிஜிட்டல் கடிகாரம். ஒலி அனலாக்தான், ஆனால் சுருதி நகராது. குளிரில் போட்டாலும் வெயிலில் போட்டாலும் உடனே சேர்ந்து நிற்கும். 2015-இல் வந்த ப்ராஃபெட் 6-இல்தான் ஒரு வாய்ஸுக்கு இரண்டு என்று முழு அனலாக் ஆசிலேட்டர்கள், மின்னழுத்தத்தை நம்பி ஓடுபவை. போதாததற்கு, அலைச்சலைக் கூட்டிக் குறைக்க 'ஸ்லாப்' என்று ஒரு குமிழே உண்டு. 'பழசு என்றால் அலையும், புதுசு என்றால் நிற்கும்' என்று பொத்தாம்பொதுவாகப் பேசுபவர்களோடு எனக்கு ஒத்துவராததற்கு இதுதான் காரணம். எந்தக் கருவி, உள்ளே என்ன சுற்று என்று பார்த்துத்தான் பேச வேண்டும்.

முதல் நாள் ப்ராஃபெட்டில் ஒலிகளைத் தேடிக் கேட்டதோடு சரி. இரண்டாம் நாள் இரவு, ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு, ஒரு மெல்லிய ஒலியை எடுத்து வைத்து மெதுவாக ஒரு மெட்டை வாசித்தேன். கடைசி ஸ்வரத்தைத் தொட்டும் தொடாமலும் அழுத்தினேன். அது தொட்டும் தொடாமலும் ஒலித்தது.

படித்தால் சாதாரணமாகத் தெரியும். பியானோ வாசிப்பவருக்கு இது ஒரு விஷயமே இல்லை. ஜூனோவின் கட்டைகளுக்கு வெலாசிட்டி கிடையாது. ஓங்கி அடித்தாலும் வருடினாலும் ஒரே அளவுதான். வேறொரு கீபோர்டை, கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மிடி வழியாக இணைத்து வாசித்தாலும் அதே கதைதான். வரும் வெலாசிட்டியை ஜூனோ கண்டுகொள்ளாது. பதினொரு வருடம் நான் அதற்கு ஒரு வழி வைத்திருந்தேன். வலது கை கட்டைகளில், இடது கை ஃபில்டரின் கட்டாஃப் ஸ்லைடரில். ஒரு வாக்கியம் மென்மையாக முடிய வேண்டுமென்றால் விரலால் ஸ்லைடரைக் கீழே இழுப்பேன். ஒலி மங்கும், அதோடு கொஞ்சம் குறைந்த மாதிரியும் கேட்கும். எழ வேண்டிய இடத்தில் மேலே தள்ளுவேன். இது அவ்வளவு பழகிப்போய், நான் செய்கிறேன் என்ற நினைப்பே இல்லாமல் நடக்கும்.

அந்த இரவு ப்ராஃபெட்டில் பத்து நிமிடம் போனபிறகுதான் கவனித்தேன். என் இடது கை கட்டாஃப் குமிழைப் பிடித்தபடி சும்மா இருந்தது. அதற்கு அங்கே வேலையே இல்லை. கையை எடுத்து, கீழே, கட்டைகளின் மேல் வைத்தேன். ஒரு அடிஸ்வரம், அதற்கு மேலே ஒரு ஐந்தாம் ஸ்வரம். வலது கையில் மெட்டு போய்க்கொண்டிருந்தது. இரண்டு கையால் வாசிக்கத் தெரிந்தவன்தான் நான், சின்ன வயதில் கற்றுக்கொண்டேன். எப்போது அதை விட்டேன் என்று யோசித்தால், ஜூனோ வந்த வருடம்தான்.

அந்த மாதத்தின் மிச்ச நாட்கள் முழுக்க நான் யோசித்தது இதைப் பற்றித்தான். ஒலி எது நல்லது, எது கெட்டது என்பது பின்னால் போய்விட்டது.

ஜூனோவின் பக்கம் நின்றும் யோசித்தேன். அந்த இடது கைப் பழக்கத்தால் எனக்குக் கிடைத்தது கொஞ்சமா? ஒரு கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்களைப் பிடித்து வைத்துக்கொண்டு, இருபது நொடிக்கு ஃபில்டரை மயிரிழை மயிரிழையாகத் திறப்பது ஒரு தனி சங்கீதம். வெலாசிட்டி என்பது கட்டையைத் தொடும் கணத்தோடு முடிந்துபோகும். அழுத்தியபிறகு அந்த ஸ்வரம் எப்படி வாழ வேண்டும் என்பதை ஸ்லைடர்தான் சொல்லும். ப்ராஃபெட்டில் ஆஃப்டர்டச் உண்டு, கட்டையை இன்னும் அழுத்தி ஃபில்டரைத் திறக்கலாம். செய்து பார்த்தேன். ஆனால் விரல் நுனியால் ஒரு நீளமான ஸ்லைடரை நகர்த்தும் நிதானம் அதில் வரவில்லை. குமிழிலும் வரவில்லை, மணிக்கட்டைத் திருப்புவதும் விரலால் தள்ளுவதும் ஒன்றல்ல. கட்டைகளும் குறைவு. ஜூனோவில் 61, இதில் 49. கீழே போகிறோம் என்று கை போகும், அங்கே கட்டையே இருக்காது. முதல் வாரம் நாலைந்து முறை அப்படி ஆனது.

மென்பொருளாக ஜூனோவை வைத்துக்கொண்டு கருவியை விற்கலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். ரோலண்டே அப்படி ஒன்று தருகிறது, கேட்டிருக்கிறேன், ஒலியில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வேலை நேரம் முழுக்கத் திரையைப் பார்ப்பவன் நான். சாயங்காலமும் அதைப் பார்க்க மனம் வரவில்லை. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

இதற்கு நடுவே படித்த ஒரு விஷயம் மனதைத் தொட்டது. ரோலண்டைத் தொடங்கியவர் இகுடாரோ ககேஹாஷி. ப்ராஃபெட்டுகளைச் செய்தவர் டேவ் ஸ்மித், அவருடைய நிறுவனம் சீக்வென்ஷியல். போட்டியாளர்களாக இருந்தும் இருவரும் சேர்ந்துதான் மிடி உருவாக வழிசெய்தார்கள். 1983-இல் ஒரு கண்காட்சியில் ப்ராஃபெட் 600-ஐயும் ரோலண்டின் ஜூபிடர் 6-ஐயும் ஒரு கேபிளால் இணைத்து, ஒன்றில் வாசித்தால் மற்றது ஒலிப்பதைக் காட்டினார்கள். சில வருடங்களில் சீக்வென்ஷியல் மூடப்பட்டு, அந்தப் பெயர் யமஹாவிடம் போய்விட்டது. 2015-இல் யமஹா அதை ஸ்மித்திடமே திருப்பிக் கொடுத்தது. கொடுங்கள் என்று யமஹாவிடம் எடுத்துச் சொன்னவர் ககேஹாஷி. அப்படித் திரும்பிவந்த பெயரைத் தாங்கி வந்த முதல் கருவிதான் ப்ராஃபெட் 6. இருவருமே இப்போது இல்லை. ககேஹாஷி 2017-இலும் ஸ்மித் 2022-இலும் காலமானார்கள். ஓரத்தில் பெட்டிக்குள் இருந்த ஜூனோவையும் ஸ்டாண்டில் இருந்த ப்ராஃபெட்டையும் அன்று பார்த்தபோது, ஒன்றைக் கைவிட்டு அதன் எதிரியை வீட்டுக்குள் விடுகிறோம் என்று அதுவரை இருந்த உறுத்தல் குறைந்தது.

எப்படியானாலும் ஒன்றில் உறுதியாக இருந்தேன். பழுதோடு விற்க மாட்டேன். வாங்குபவரிடம் சொல்லிவிட்டுக் குறைத்துக் கொடுக்கலாம்தான், பலர் அப்படிச் செய்கிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. ஆகவே மூன்றாவது வாரம் ஜூனோவைப் பெட்டியிலிருந்து எடுத்து, இந்த வேலை தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோனேன். டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்திக்கொண்டே சுவிட்சைப் போட்டார். அப்படிப் போட்டால் அது சோதனை நிலைக்குப் போகும். கட்டையை அழுத்தும்போதெல்லாம் எந்த வாய்ஸ் ஒலிக்கிறது என்று திரையில் எண் வரும். ஒன்று, இரண்டு, மூன்று என்று வந்தது. நான்கில் அந்த மூக்கடைப்பு. ஐந்தில் கூர்ந்து கேட்டால் லேசான கரகரப்பு. அது எனக்கே தெரியாது.

"ஆறையும் எடுத்துருவோம்ணா. ஒண்ண மட்டும் பார்த்தா அடுத்த வருஷம் மறுபடி வருவீங்க" என்றார்.

சரி என்றேன். பலகையைக் கழற்றி, ஆறு சிப்புகளையும் சால்டர் உறிஞ்சி எடுத்தார். ஒரே வரிசையில் கால்கள் உள்ள மெல்லிய சின்னப் பலகைகள் அவை. ஒரு கண்ணாடி ஜாடியில் அசிட்டோன் ஊற்றி உள்ளே போட்டு மூடினார். மறுநாள் நான் போனபோது பிசின் ஊறி, உப்பி, தோலாக உரிந்து வந்துகொண்டிருந்தது. மரக்குச்சியால் அவர் மெல்லத் தள்ளத் தள்ள, உள்ளே இருந்த பாகங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. மணல் அளவு சின்னவை, புதிதாகச் செய்தவை போலப் பளபளப்பாக. இத்தனை வருடம் நான் கேட்ட ஒவ்வொரு ஸ்வரமும் இவற்றின் வழியாகத்தான் வந்திருக்கிறது. ஐந்து பிழைத்தன. நான்காவது எழவில்லை; அதற்கு மட்டும் புதிதாகச் செய்து விற்கும் மாற்றுச் சிப் ஒன்றைப் போட்டார். நினைவகத்துக்கான பேட்டரியும் புதிது.

வீட்டுக்கு வந்து ஜூனோவைப் போட்டேன். ஆறு விரல் கார்ட். ஆறும் ஒரே மாதிரி, ஒரே தெளிவு. கோரஸைப் போட்டதும் சும்மா உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வருடமாக எது கெட்டிருந்தது என்பதுகூட அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் போனதால் காது பழகியிருந்தது. விற்க வேண்டாம் என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன். நண்பருக்குச் செய்தியும் தட்டினேன். அனுப்பவில்லை.

இரண்டு நாள் அந்தச் செய்தி அப்படியே கிடந்தது. இரண்டு நாளும் ஜூனோவில்தான் வாசித்தேன். பயமில்லாமல், மணிக்கணக்கில், நிம்மதியாக. மூன்றாம் நாள், ப்ராஃபெட்டில் அந்த மாதம் செய்த ஒரு மெட்டை ஜூனோவில் வாசிக்க உட்கார்ந்தேன். இடது கையில் அடிஸ்வரம், வலது கையில் பாட்டு. எல்லாம் ஒரே அளவில் ஒலித்தது. அடிஸ்வரம் பாட்டை அமுக்கியது. அதைச் சரி செய்ய இடது கை தானாக எழுந்து ஸ்லைடருக்குப் போனது. அடிஸ்வரம் நின்றுபோயிற்று.

கையை அங்கேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். கருவியில் இப்போது எந்தக் குறையும் இல்லை. சொல்லப்போனால் நான் வாங்கிய நாளைவிட நன்றாக இருக்கிறது. ஆனாலும் நான் இந்த மாதம் தொடங்கிய வேலையை அதில் செய்ய முடியாது. பழுதோடு இருந்தபோது எடுத்த முடிவாக இருந்தால் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் இருந்திருக்கும். இப்போது அது இல்லை. நண்பருக்குத் தட்டி வைத்திருந்த செய்தியை அழித்துவிட்டு, எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதினேன்.

இரண்டையும் வைத்துக்கொள்ளும் வசதி இருந்தால் வைத்திருப்பேன், அதில் மறைக்க ஒன்றுமில்லை.

ஜூனோவை வாங்க வந்தவர் என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சிறியவர். இரண்டு மணி நேரம் உட்காரச் சொன்னேன். சோதனை நிலைக்கு எப்படிப் போவது என்று காட்டி, ஆறு வாய்ஸ்களையும் தனித்தனியாகக் கேட்க வைத்தேன். எந்தச் சிப் மாற்றியது, எவை பழையவை, பேட்டரி எப்போது போட்டது என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்ததைக் கொடுத்தேன். மொத்தம் 128 நினைவிடங்கள். முந்தின இரவே அவற்றை ஒலிப்பதிவாக எடுத்துவிட்டேன். கேசட் காலத்துக் கருவி, அதனால் தன் நினைவை ஒலியாகத்தான் வெளியே தரும். காதில் கேட்டால் கிறீச்சென்று இருக்கும். அந்தக் கோப்பின் ஒரு பிரதி எனக்கு, ஒன்று அவருக்கு.

"உங்க சவுண்டெல்லாம் அழிச்சுட்டுத் தரலையாண்ணா?" என்று கேட்டார்.

"இருக்கட்டும். வேணாம்னா நீங்க மேலேயே எழுதிக்கோங்க" என்றேன்.

பி வரிசையில் 47-ஐ அழுத்தினார். அது நான் வருடக்கணக்கில் செதுக்கிய ஒலி, மெதுவாகத் திறந்து மெதுவாக அடங்குவது. நீளமான கார்டுகளுக்கு என்றே வைத்திருந்தேன். அவர் இரண்டு ஸ்லைடர்களைக் கீழே இறக்கினார், என்வலப்பின் அட்டாக்கையும் ரிலீஸையும். ஒலி சட்டென்று குட்டையாகி, தண்ணீர்த் துளி மாதிரி ஆயிற்று. அதை வைத்து விரல்கள் ஓட ஓட வேகமாக ஒன்று வாசிக்கத் தொடங்கினார். ஆறு வாய்ஸ்களும் சுற்றிச் சுற்றி வந்தன, எதுவும் பிசகவில்லை. அந்த ஒலிக்குள் அப்படி ஒன்று இருந்தது எனக்குத் தெரியாது.

அவர் முடிக்கும்வரை நின்று கேட்டேன். பிறகு பவர் கேபிளைச் சுற்றி, பெட்டியின் பக்கப் பையில் வைத்துக் கொடுத்தேன்.